வியாகுல மாதா பங்கிலிருந்து ஹோம்பாய் வரை: ஒரு கோவில் இளைஞர் பணி தொடங்கிய, தடுமாறிய, வளர்ந்த கதை

1986-இல் கிரெகரி பாயில் என்ற இயேசு சபைக் குரு லாஸ் ஏஞ்சலிஸின் கிழக்கே, பாயில் ஹைட்ஸ் பகுதியில் உள்ள டோலோரஸ் மிஷன் பங்குக்குப் பொறுப்பேற்றார். பங்கு என்பது ஒரு கத்தோலிக்கக் கோவிலும் அதைச் சேர்ந்த மக்களும் அடங்கிய பகுதி. (குருவின் பெயரும் ஊர்ப்பகுதியின் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான்.) டோலோரஸ் என்றால் வியாகுலம். நம் வழக்கில் சொன்னால் வியாகுல மாதா கோவில். அப்போது நகரத்திலேயே மிக ஏழையான கத்தோலிக்கப் பங்கு அது. பீக்கோ கார்டன்ஸ், அலீசோ வில்லேஜ் என்ற இரண்டு அரசுக் குடியிருப்புகள் அதன் எல்லைக்குள் இருந்தன. அந்தச் சிறிய வட்டாரத்தில் எட்டுத் தெருக் கும்பல்கள் இயங்கின. ஏழு லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் கும்பல்கள், ஒன்று கறுப்பினக் கும்பல்.

இன்று ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ் என்று உலகம் அறிந்திருக்கும் பணி இந்தப் பங்கில்தான் முளைத்தது. கும்பலிலிருந்து விலக நினைப்பவர்களுக்கும் சிறையிலிருந்து வெளிவருபவர்களுக்கும் வேலை, பயிற்சி, மனநல உதவி தரும் அமைப்பு அது. அதன் வெற்றிகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் எதையெல்லாம் முயன்று பார்த்துவிட்டு நிறுத்தினார்கள் என்பதை வரிசையாகப் பார்ப்பதுதான், பங்கு அளவில் இளைஞர் பணி தொடங்க நினைப்பவர்களுக்கு அதிகம் உதவும்.

பள்ளிக்கூடம்தான் முதல் படி

அந்த ஆண்டுகளில் காவல்துறையிடம் இருந்த ஒரே மருந்து கூட்டம் கூட்டமாகக் கைது செய்வது. 1988 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் 1,453 பேரைப் பிடித்தது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் வழக்கேதும் இல்லாமல் வெளியே வந்தார்கள். அப்படி வந்த பையன்களுக்குப் பகலில் போக இடமில்லை. நடுநிலைப் பள்ளிகள் அவர்களை ஏற்கெனவே வெளியேற்றியிருந்தன. பள்ளி நேரத்தில் தெருமுனையில் நின்றார்கள், போதைப்பொருள் விற்றார்கள், எதிர்க் கும்பல்காரன் கண்ணில் பட்டால் சுட்டார்கள்.

பாயில் மாலையிலும் இரவிலும் சைக்கிளில் குடியிருப்புகளைச் சுற்றி வந்து, ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகினார். மருத்துவமனையில் கிடப்பவனையும் சிறார் காவல் இல்லத்தில் அடைபட்டவனையும் போய்ப் பார்த்தார். அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே விஷயம்: இவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி கிடையாது. பங்கில் இருந்த அருட்சகோதரிகள் தங்கள் மடத்தைக் காலி செய்து கொடுத்தார்கள். அங்கே மாற்றுப் பள்ளி ஒன்று தொடங்கியது.

பகைக் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அதுவே ஆனது. சண்டை ஓயவில்லை, ஆசிரியர்கள் நிலைக்கவில்லை. ஆனாலும் பள்ளியால் இரண்டு விளைவுகள் உண்டாயின. கும்பல் பையன்கள் கோவில் வளாகத்தைத் தங்கள் இடமாக நினைக்கத் தொடங்கினார்கள். அவர்கள் பள்ளி முடிந்ததும் கேட்ட கேள்வி அடுத்த படியைக் காட்டியது: எங்களுக்கு வேலை கிடைக்குமா?

இங்கே பங்கு மக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கும்பல்காரர்களைக் கோவிலுக்குள் விட்டதைப் பலர் விரும்பவில்லை. பாயிலுக்கு மிரட்டல்கள் வந்தன. போலீஸ்காரர்களில் பலர் அவரைக் குற்றவாளிகளின் கூட்டாளியாகவே பார்த்தார்கள். அந்த எதிர்ப்பில் பணி கரைந்துபோகாமல் காத்தவர்கள் தாய்மார்கள். அங்கே அன்பியங்கள், அதாவது அண்டை வீட்டார் சேர்ந்த சிறு ஜெபக் குழுக்கள், வலுவாக இருந்தன. வாராவாரம் வீடுகளில் கூடி நற்செய்தியைத் தங்கள் தெருவோடு சேர்த்துப் படித்த பெண்கள் அவர்கள். சுட்டவனும் சுடப்பட்டவனும் அவர்களுடைய பிள்ளைகள் அல்லது அண்டை வீட்டுப் பிள்ளைகள். இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் தெருக்களில் அவர்கள் ஜெபித்துக்கொண்டே ஊர்வலம் போனார்கள், அமைதிக்கான குழு ஒன்றையும் அமைத்தார்கள். குரு ஒருவரின் தனிப்பட்ட துணிச்சலாக மட்டும் இது நின்றிருந்தால், அவர் மாற்றலாகிப் போனதும் முடிந்திருக்கும். 1992-இல் அவர் பங்குத்தந்தை பொறுப்பிலிருந்து விலகி வெளியே சென்றபோதும் பணி நிற்கவில்லை.

வேலை தேடிப் போனது, வேலை உண்டாக்கியது

1988-இல் 'எதிர்காலத்துக்கு வேலை' என்ற பொருள்படும் பெயரில் வேலைத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில்தான் கும்பல் வன்முறையில் இறந்த முதல் இளைஞனைப் பாயில் அடக்கம் செய்தார். பின்வந்த ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது.

பங்குப் பெண்கள் துண்டுப் பிரசுரங்களுடன் சுற்றியிருந்த தொழிற்சாலைகளுக்கு நடந்தார்கள். பையன்களை வேலைக்கு எடுங்கள் என்று கேட்டார்கள். வந்த வாய்ப்புகள் மிகச் சொற்பம். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: குற்றப் பதிவு, முகத்தில் குத்திய பச்சை, பள்ளிச் சான்றிதழ் இல்லை, முன்பு வேலை பார்த்த பழக்கமும் இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலே முதலாளி தயங்குவார். நான்கும் சேர்ந்த ஒருவனை அன்பின் பெயரால் மட்டும் எடுக்கமாட்டார்.

அதனால் பங்கே வேலை கொடுத்தது. தோட்ட வேலைக் குழு, பராமரிப்புக் குழு, சுவர்க் கிறுக்கல்களை அழிக்கும் குழு, பங்கின் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டும் குழு என்று சிறு சிறு அணிகள் உருவாயின. இந்த அமைப்பின் பலவீனம் வெள்ளிக்கிழமைகளில் தெரிந்தது. சம்பளம் வாராவாரம் கொடுக்க வேண்டும். வருமானமோ எப்போதாவது வரும் நன்கொடை. ஒரு குழு வேலையை முடித்தாலும் அதற்குப் பணம் கொடுக்க வாடிக்கையாளர் கிடையாது, ஏனென்றால் வேலை கொடுத்ததும் பங்குதான். திருப்பலிக் காணிக்கையிலிருந்து சம்பளப் பட்டியலைத் தாங்க எந்தப் பங்காலும் முடியாது. ஏழைப் பங்கால் நிச்சயமாக முடியாது. வேலைத் திட்டம் தொடங்கும் கோவில்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. முதல் மூன்று மாதச் சம்பளம் கையில் இருக்கும் உற்சாகத்தில் ஆள் எடுத்துவிடுவார்கள். நான்காம் மாதம் சம்பளம் தவறினால், வாக்குத் தவறிய பெரியவர்களின் நீண்ட பட்டியலில் கோவிலும் சேர்ந்துவிடும்.

சமாதானப் பேச்சு ஏன் கைவிடப்பட்டது

தொடக்க ஆண்டுகளில் பாயில் கும்பல்களுக்கிடையே தூது போனார். ஒரு தரப்புத் தலைவர்களைச் சந்திப்பது, நிபந்தனைகளை எழுதிக்கொள்வது, எதிர்த் தரப்பிடம் கொண்டுபோவது, உடன்பாடு வந்ததும் சண்டை நிறுத்தம் அறிவிப்பது என்று வேலை நடந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதுவே குருவுக்கு ஏற்ற பணியாகத் தோன்றும். சில உயிர்கள் தப்பியும் இருக்கலாம். ஆனாலும் பின்னாளில் அவர் இதைத் தவறு என்றே வெளிப்படையாகச் சொன்னார், முற்றிலும் விட்டுவிட்டார்.

காரணங்களை விரித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் எந்த ஊரிலும் இளைஞர் மோதல் என்றதும் முதலில் தோன்றும் யோசனை சமாதானக் கூட்டம்தான்.

கும்பலோடு பேச்சு நடத்தினால் அதை ஓர் அமைப்பாக அங்கீகரித்ததாக ஆகிறது. நேற்றுவரை தெருமுனையில் நின்றவன் இன்று குருவோடு மேசையில் அமர்ந்து ஒப்பந்தம் பேசுகிறான். அதைப் பார்க்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குக் கும்பலில் சேர இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். கும்பல் என்பது படையும் அல்ல. மேலிருந்து கட்டளை போனால் கீழே துப்பாக்கி இறங்கும் ஒழுங்கு அதில் இல்லை. ஒப்பந்தம் போட்டவன் ஒருவன், அன்றிரவு சுடப்போகிறவன் வேறொருவன். ஒரு குண்டு வெடித்தால் போதும், ஒப்பந்தம் கிழிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் உள்ளது மூன்றாவது காரணம். நடுவர் வேலைக்கு ஒரு தகராறு வேண்டும்: நிலமோ, பணமோ, உரிமையோ. இந்தப் பையன்களிடம் வன்முறை இருந்தது, பேசித் தீர்க்க ஒரு பிரச்சினை இல்லை. சிறுவயதில் பட்ட அடி, வீட்டில் கண்ட போதை, எதிர்காலமே இல்லை என்ற எண்ணம் ஆகியவை எதிர்க் கும்பல்காரனின் உருவில் வெளிவந்தன. இந்தப் புரிதலிலிருந்து ஒரு விதி பிறந்தது: கும்பல்களோடு வேலை செய்வதில்லை, கும்பலில் இருக்கும் தனி ஆளோடு மட்டும் வேலை. இன்றுவரை அந்த விதி மாறவில்லை.

ரொட்டிக்கடை

1992 ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுவிக்கப்பட்ட தீர்ப்பைத் தொடர்ந்து லாஸ் ஏஞ்சலிஸ் பற்றி எரிந்தது. மிக ஏழைக் குடியிருப்புகளான பீக்கோ கார்டன்ஸும் அலீசோ வில்லேஜும் எரியவில்லை. அங்கே சுமார் 60 கும்பல் இளைஞர்கள் அப்போது திட்டத்தின் மூலம் வேலையில் இருந்ததைப் பாயில் காரணமாகச் சொன்னார். அதைச் செய்தித்தாளில் படித்த ரே ஸ்டார்க் என்ற திரைப்படத் தயாரிப்பாளர் உதவ முன்வந்தார். கோவிலுக்கு எதிரே ஒரு பழைய ரொட்டிக்கடை சும்மா கிடந்தது. அதை வாங்கி நடத்தலாம் என்றார் பாயில். ஹோம்பாய் பேக்கரி அப்படித் தொடங்கியது. கொஞ்ச நாளில் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில் டொர்டியா என்ற மெக்சிகோ ரொட்டிக் கடையும் வந்தது. இரண்டு கடைகள் ஆனதால் பெயரின் பின்னால் 'இண்டஸ்ட்ரீஸ்' சேர்ந்தது!

இந்தப் பணிக்கு ரொட்டிக்கடை நன்றாகப் பொருந்தியதற்குத் தொழில் சார்ந்த காரணங்கள் உண்டு. மாவு பிசைபவர், உருட்டுபவர், புளிக்க வைத்த தட்டுகளைக் கவனிப்பவர், அடுப்பில் நிற்பவர் ஆகிய நால்வரும் ஒருவர் கையை ஒருவர் எதிர்பார்த்தே வேலை செய்ய வேண்டும். அடுப்பு யாருக்காகவும் காத்திருக்காது. பக்கத்தில் நிற்பவன் பகைவன் என்று பேசாமலிருந்தால் தட்டு கருகும். ஒவ்வொரு நிலையையும் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம். தவறு அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும், மறுநாள் திருத்திக்கொள்ளலாம். ரொட்டியைத் தினமும் வாங்குவார்கள் என்பதால் காசும் தினமும் வரும்.

சிக்கல்களும் அதே தொழிலில்தான் இருக்கின்றன. ரொட்டி வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் வேலைக்கு வருபவன் யாருடைய தெருவைக் கடந்து வருகிறான் என்பதை அட்டவணை போடுபவர் யோசித்தாக வேண்டும். லாப விகிதம் குறைவு. பயிற்சியில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் வீணாகும் மாவும் அதிகம். இப்படிப்பட்ட கடை சாதாரணக் கடையைப்போல் லாபம் காட்டும் என்று கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவார்கள்.

1999 அக்டோபரில் அந்தப் பேக்கரி எரிந்து சாம்பலானது. கும்பல்காரர்கள் வைத்த தீ என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். காரணம் மின்கோளாறு. நன்கொடையாகவோ மலிவாகவோ கிடைக்கும் பழைய கட்டடத்தில் தொழில் தொடங்கும் முன் மின்கம்பிகளைச் சோதிப்பது எவ்வளவு அடிப்படையான வேலை என்பதற்கு இது சான்று.

எது நிலைத்தது, எது விழுந்தது

1996-இல் தொடங்கிய டி-சர்ட் அச்சகம் நீடித்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் திரை, எல்லாம் ஒரே புள்ளியில் பொருந்த வேண்டும். மை சரியான சூட்டில் இறுகாவிட்டால் முதல் துவைப்பிலேயே உதிரும். கவனத்தைப் பழக்குவதற்கு நல்ல தொழில். ஆர்டர்கள் மொத்தமாக வருவதால் வேலையையும் முன்கூட்டியே திட்டமிடலாம்.

குழாய் பழுது பார்க்கும் தொழில் தோற்றது. தங்கள் வீட்டுக்குள் கும்பல்காரனை விட மக்கள் விரும்பவில்லை என்று பாயிலே சிரித்துக்கொண்டு சொல்வார். டொர்டியா கடையும் நிலைக்கவில்லை.

சுவர்க் கிறுக்கல் அழிக்கும் குழு முடிவுக்கு வந்த விதம் சிரிப்புக்குரியதல்ல. 2004-இல் அந்தக் குழுவில் வேலை செய்த இருவர் சில வார இடைவெளியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சேவை நிறுத்தப்பட்டது. அந்த வேலையின் தன்மையைப் பாருங்கள்: தெருவில் வெட்டவெளியில், ஒரே இடத்தில், நீண்ட நேரம், சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். போதாக்குறைக்கு அழிப்பது இன்னொரு கும்பலின் பெயரை. நான்கு சுவருக்குள் நடக்கும் ரொட்டி வேலைக்கும் இதற்கும் உள்ள ஆபத்து வேறுபாடு மிகப் பெரியது. வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது கூலி, பயிற்சி ஆகியவற்றோடு, ஆள் எங்கே நிற்பான், யார் கண்ணில் படுவான் என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

பச்சையை அழித்தல்

வேலைக்குப் போன இடத்தில் முதல் தடையாக நின்றது முகத்திலும் கழுத்திலும் கையிலும் இருந்த பச்சை. முதலாளியைப் பயமுறுத்துவது ஒருபுறம். பேருந்தில் எதிர்க் கும்பல்காரன் ஏறினால், கும்பலை விட்டு வந்தவனையும் அந்தப் பச்சை காட்டிக்கொடுக்கும். இதனால் இலவசப் பச்சை அழிப்புச் சேவை தொடங்கியது. தன்னார்வ மருத்துவர்கள் வந்து செய்கிறார்கள். அமைப்பின் மிகப் பெயர்பெற்ற சேவையாக இது வளர்ந்திருக்கிறது.

இதை ஒரே நாள் வேலை என்று நினைத்து வருபவர்கள் உண்டு. லேசர் ஒளி மிகக் குறுகிய துடிப்புகளாக மையைத் தாக்கித் துகள்களாக உடைக்கிறது. அந்தத் துகள்களை அகற்றுவது லேசர் அல்ல, உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள். அதற்கு வாரங்கள் ஆகும். ஆகவே ஒவ்வொரு அமர்வுக்கும் இடையே பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் விட வேண்டும், பலருக்குப் பத்து அமர்வுகள்கூடத் தேவைப்படும். கறுப்பு மை நன்றாக மறையும். பச்சை, மஞ்சள் நிறங்கள் பிடிவாதம் பிடிக்கும். அவசரப்பட்டு இடைவெளியைக் குறைத்தால் கொப்புளமும் தழும்பும் வரும். கருமையான தோலில் தோலின் நிறமியே ஒளியை உறிஞ்சிவிடும் அபாயம் இருப்பதால், 1064 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீளத்தைப் பயன்படுத்துகிறார்கள். வலியும் கொஞ்சமில்லை, கொதிக்கும் எண்ணெய் தெறிப்பதுபோல் என்பார்கள்.

இந்த நீண்ட கால அளவே ஒரு பயன். ஓர் ஆண்டுக்கு மேல், வலியைப் பொறுத்துக்கொண்டு, குறித்த நாளில் திரும்பத் திரும்ப வருபவன் எந்தத் திசையில் போகிறான் என்பது ஆலோசகருக்குத் தெரிந்துவிடும்.

பங்கிலிருந்து பிரிந்தது

2001-இல் ஹோம்பாய் தனி அறக்கட்டளை அமைப்பானது. உறவு முறியவில்லை, கணக்கு பிரிந்தது. நூற்றுக்கணக்கானோரின் சம்பளம், வரிப்பிடித்தம், விபத்துக் காப்பீடு, உணவு உரிமங்கள், வழக்குகள் ஆகியவற்றைப் பங்கின் கணக்குப் புத்தகத்தில் வைத்துக்கொண்டிருந்தால், ஒரு விபத்து கோவிலையே சாய்த்துவிடும். தனி ஆளுநர் குழுவும் தணிக்கையும் இருந்தால்தான் பெரிய அறநிறுவனங்களிடமும் அரசிடமும் நிதி கேட்க முடியும். 2003-இல் பாயிலுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டபோது, ஒரே மனிதரின் முகத்தில் நிற்கும் பணி எவ்வளவு பலவீனமானது என்பதும் எல்லோருக்கும் உறைத்தது.

2007-இல் சைனாடவுன் அருகே புரூனோ தெருவில் சொந்தக் கட்டடம் எழுந்தது. கீழ்த்தளத்தில் பேக்கரியும், பெண்கள் பயிற்சி பெறும் ஹோம்கேர்ள் கஃபேயும். இடத்தேர்வு கவனிக்கத்தக்கது: எந்தக் கும்பலின் எல்லைக்குள்ளும் அகப்படாத, எல்லாப் பகுதியிலிருந்தும் வரக்கூடிய நகர மையம்.

மூன்றே ஆண்டுகளில், 2010 மே மாதத்தில், சம்பளத்துக்குப் பணம் இல்லாமல் சுமார் 300 பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வந்தது. பற்றாக்குறை ஏறத்தாழ 50 லட்சம் டாலர். பொருளாதாரச் சரிவில் வாசலில் நிற்பவர்கள் கூடினார்கள், நன்கொடை சுருங்கியது. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் சம்பளப் பட்டியல் நீண்டது. கட்டடத்துக்குக் கொடுப்பவர் தன் பெயரைக் கல்லில் பார்ப்பார். மாதச் சம்பளத்துக்குக் கொடுப்பவருக்குக் கல் கிடையாது. கட்டட நிதி திரட்டும் எந்தப் பணியும், அதோடு சில மாத நடப்புச் செலவையும் தனிக் கணக்கில் ஒதுக்காவிட்டால், புதிய கட்டடத்தில் பழைய பசியோடுதான் நுழையும். நிறுத்தப்பட்டவர்களில் பலர் சம்பளம் இல்லாமலே வேலைக்கு வந்தார்கள். பேக்கரியும் கஃபேயும் மூடப்படவில்லை. நன்கொடைகள் மீண்டும் வந்தன, மாவட்ட நிர்வாகம் ஒப்பந்தம் கொடுத்தது, ஹோம்பாய் பெயரில் சிப்ஸும் சல்சாவும் பெரிய கடைத்தொடர்களுக்குப் போயின.

வேலையிலிருந்து சிகிச்சைக்கு

தோட்டாவைத் தடுக்க வேலையைப்போல் வேறொன்றில்லை என்பது தொடக்க கால முழக்கம். டி-சர்ட்டில்கூட அச்சிட்டார்கள். அனுபவம் அதைத் திருத்தியது. வேலை கிடைத்தவன் ஒழுங்காகத்தான் வந்தான். வீட்டில் ஒரு சாவு, ஒரு பிரிவு, வேலையிழப்பு என்று ஓர் அடி விழுந்ததும் பழைய தெருவுக்குத் திரும்பினான், அங்கிருந்து சிறைக்கு. சம்பளம் அவனுடைய பையைத் தொட்டது, சிறுவயதுக் காயத்தைத் தொடவில்லை.

இப்போதைய 18 மாதத் திட்டம் இந்தப் புரிதலின் மேல் நிற்கிறது. யாரையும் போய்ப் பிடித்து வருவதில்லை. அவரே வாசலுக்கு வர வேண்டும். போதைப் பரிசோதனையில் தேற வேண்டும். சேர்ந்தவருக்கு வேலை நேரத்தோடு மனநல ஆலோசனை, கோபத்தைக் கையாளும் வகுப்பு, பெற்றோர் வகுப்பு, பள்ளிச் சான்றிதழ்ப் படிப்பு ஆகியவற்றுக்கும் சம்பளம் உண்டு. அதுதான் முக்கியமான மாற்றம். ஆலோசனையை வேலைக்குப் பிறகு, சொந்த நேரத்தில் என்று வைத்தால் பசியுள்ளவன் வரமாட்டான். தவறி விழுந்தவர் மீண்டும் வரலாம். பயிற்சி முடித்தவர்களில் பலர் அங்கேயே வழிகாட்டிகளாக ஆகியிருக்கிறார்கள். புதிதாக வருபவன் நம்புவது அவர்கள் சொல்லைத்தான். காலையில் எல்லோரும் முன்கூடத்தில் கூடி, ஒருவர் சில நிமிடம் பேச, ஜெபத்தோடு நாள் தொடங்கும்.

2014-இல் இதே வழியில் நடக்கும் அமைப்புகளுக்கான உலக வலையமைப்பு ஒன்று தொடங்கியது. கிளைகள் திறப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. வந்து பாருங்கள், உங்கள் ஊருக்கு ஏற்றபடி நீங்களே நடத்துங்கள் என்பார்கள். 2020-இல் 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ஹில்டன் மனிதநேயப் பரிசு கிடைத்தது.

டோலோரஸ் மிஷன் பங்கோ தன் அளவிலேயே நிற்கிறது. அலீசோ வில்லேஜ் இடிக்கப்பட்டு அங்கே புதிய குடியிருப்பு வந்துவிட்டது. 1980-களில் வீடற்றவர்களுக்காகக் கோவிலைத் திறந்துவிட்டதில் தொடங்கிய இரவுத் தங்குமிடம் அதன் பிறகும் தொடர்ந்தது. காப்பகமும் பள்ளிக்குப் பிந்தைய வகுப்புகளும் பங்கோடு சேர்ந்த புரோயெக்டோ பாஸ்டொரல் அமைப்பின் கையில். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் தெருமுனைகளில் நின்று காவல் காக்கும் பணியையும் பங்குத் தாய்மார்களே எடுத்துச் செய்தார்கள்.